ஃபைபர் போர்வைக்குள் ஒரு கெட்டுவள்ளம்: தேங்காய்ப்பட்டினம் ஆற்றோரத்தில் நடந்த பழுதுபார்ப்பு

முதலில் பார்த்தபோது அந்த வள்ளம் கிளிப்பச்சை நிறத்தில் பளபளத்தது. குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டினத்துக்குச் சற்று மேலே, ஆற்றோரத் தென்னந்தோப்பில், ஓலைக் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர், "அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதை அடைச்சிட்டு வார்னிஷ் அடிச்சுத் தந்தா போதும்" என்றார். மருமகன் ஆற்றோரத்தில் நான்கு அறை கட்டி விருந்தினருக்கு விடப்போகிறாராம். அதன் முற்றத்தில் வைக்க வேண்டும்.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். முன்பாதி 'டொக்' என்றது. பின்பாதியில் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டிய சத்தம். ஆறு நாள் வேலை என்று போனவன், ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழரை மாதம் ஆனது.

என் தொழில் பழைய வீட்டு மரவேலை. மச்சு, தட்டுநிரை, கதவு நிலை, இவைதான் எனக்குத் தெரியும், படகு தெரியாது. இந்த வேலைக்கு மூளையாக இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் ஆசாரி. இளவயதில் தகப்பனாரோடு வள்ளம் கட்டப் போனவர், பிறகு முப்பது ஆண்டு கட்டிலும் அலமாரியும் செய்தவர். எல்லாரும் அவரை மூத்தாசாரி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே.

வள்ளம் எங்கிருந்து வந்தது

ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகையைத் தைத்துக் கட்டுவது கெட்டுவள்ளம். 'கட்டு' என்பதைக் குமரியில் 'கெட்டு' என்றுதான் சொல்வோம். இந்த வள்ளத்தின் அடிப்பாகம் ஒரே அயனித் தடியைக் குடைந்தது. அதன் விளிம்பின் மேல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை தைத்து உயரம் ஏற்றியிருக்கிறது. மூத்தாசாரி கோல் கணக்கில் அளந்தார்: நீளம் 9 கோல், நடு அகலம் 1 கோல் 6 விரல், ஆழம் 14 விரல். ஒரு கோல் 24 விரல், ஏறக்குறைய 72 செ.மீ. மீட்டரில் சொன்னால் ஆறரை மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம். அடிக்கனம் இரண்டு விரல்.

குடும்பத்தில் சொல்லப்படும் கதை: வீட்டுக்காரரின் பாட்டா இதில் தேங்காய்த் தொண்டு (உரித்த மட்டை) ஏற்றி அழுகப்போடும் குழிகளுக்குக் கொண்டுபோவார், திரும்பும்போது கயிற்றுக்கட்டு ஏற்றி வருவார். போக்குவரத்து ஏ.வி.எம். கால்வாய் வழியாக. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்பது முழுப்பெயர். திருவிதாங்கூரில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860-ல் வெட்டத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி என்பது எண்ணம். அது முடியவே இல்லை. முடிந்த பகுதியும் இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரையும் சாக்கடையுமாகக் கிடக்கிறது. வள்ளம் கொட்டகைக்குள் போனதற்கு முதல் காரணம் அதுதான். ஓட வழியில்லாத ஊரில் வள்ளத்தை யார் பராமரிப்பார்கள்?

வயதைக் கதையை மட்டும் நம்பி முடிவு செய்ய நான் விரும்பவில்லை. உட்புறம் முழுக்க வாச்சி செதுக்கிய சிறு பள்ளங்கள், ஒரு ஆளின் கைவீச்சு அகலத்தில், வரிசையாகத் தெரிந்தன. பக்கப் பலகைகளில் அறுத்த தடம் நேர்கோடுகளாக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தது. வட்ட ரம்பம் அறுத்தால் வில்போல வளைந்த கோடு விழும். இது இரண்டு பேர் மேலும் கீழும் நின்று கையால் இழுத்த ரம்பத்தின் தடம். ஆண்டைச் சொல்ல இது போதாது. சாமில்லில் (மர அறுவை ஆலையில்) பலகை வாங்கிக் கட்டியதல்ல என்பது மட்டும் உறுதி.

அயனி பலாவின் சொந்தக்காரன், ஆர்ட்டோகார்ப்பஸ் ஹிர்சூட்டஸ். எங்கள் பக்கம் பிள்ளைகள் அயனிச்சக்கை தின்றுவிட்டு விதையைச் சுட்டுத் தின்பார்கள். மரம் நீண்டு நேராக வளரும், நீரில் எளிதில் உளுக்காது. கேரளத்துச் சுண்டன் வள்ளங்களும் பெரும்பாலும் இதில்தான் செய்யப்படுகின்றன.

போர்வை

பச்சைப் பூச்சு ஃபைபர், அதாவது கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து ஒட்டியது. வீட்டுக்காரர் சொன்ன கணக்கில், 2004 டிசம்பர் சுனாமிக்கு இரண்டு ஆண்டு கழித்துப் போட்டது. அதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். 1980-களில் முட்டத்தில் படகு கட்டும் தளம் வந்து ஒட்டுப்பலகை வள்ளங்கள் பரவின. பெரிய அயனித் தடியும் அப்போதே கிடைப்பது குறைந்திருந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் கடற்கரையெங்கும் குவிந்தன, கூடவே ஃபைபர் ஒட்டத் தெரிந்த ஆட்களும். பழைய மரவள்ளத்துக்கு மேல் ஒரு சுற்று ஃபைபர் போட்டால் 'இருபது வருஷம் பார்க்க வேண்டாம்' என்று பலரும் நம்பினார்கள். நம்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுக்கொரு முறை கயிறு பிரித்துக் கட்டும் கூலியை யோசித்தால் நானும் நம்பியிருப்பேன்.

ஆனால் பாலியெஸ்டர் பிசின் மரத்தில் நன்றாக ஒட்டாது. ஈரமும் மீன் எண்ணெயும் ஊறிய மரத்தில் சொல்லவே வேண்டாம். மரமோ நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஃபைபர் அப்படி அசையாது. சில ஆண்டுகளில் மேல் விளிம்பில் மயிரிழை இடைவெளி விடும். மழைநீர் அதன் வழியாக இறங்கும், வெளியேற வழி இருக்காது. மூத்தாசாரி முதல் நாள் கொட்டகையைச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டைய விடுங்க. போர்வைய எடுத்தாத்தான் உள்ள என்ன கெடக்குதுண்ணு தெரியும், கேட்டியளா."

போர்வையை உரிக்க 11 நாள். சூடு ஊதும் கருவியால் இளக்கி, அகல உளியால் நெம்பினோம். முன்பாதியில் ஃபைபர் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது, அங்கே ஒட்டு உண்மையிலேயே பிடித்திருந்தது. பின்பாதியில் கை வைத்து இழுத்தாலே பாய்போலக் கழன்றது, உள்ளிருந்து கறுத்த நீர் ஒழுகியது. கண்ணாடி இழைத் தூள் சட்டைக்குள் போனால் இரவு தூக்கம் வராது. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

உள்ளே கண்டது இது. பின்பக்க அடியில் ஒன்றேகால் மீட்டர் நீளம், ஒரு முழ அகலத்துக்கு மரம் புட்டுபோல உதிர்ந்தது. இடப்பக்கப் பலகையின் கீழ்விளிம்பு முழுவதும் மக்கிவிட்டது. தையல் கயிறு இருந்த இடத்தில் பழுப்பு நிற மாவு. விளிம்பைப் பிடித்து நிறுத்த ஃபைபர்காரர்கள் 60-க்கும் மேற்பட்ட இரும்பு ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு. இரும்பு துருப்பிடிக்கும்போது பக்கத்து மரத்தையும் சேர்த்துத் தின்னும். அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் ஊசி வைத்தால் இறங்கிப் போனது. ஆணியே இல்லாமல் பல ஆண்டு ஓடிய வள்ளத்துக்கு, காப்பாற்ற வந்தவர்கள் கொடுத்த நோய்.

பின்முனையில் கப்பல்புழுவின் துளைகளும் இருந்தன. உள்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தால் அது கப்பல்புழுதான். புழு என்பது பெயர்தான், இனம் சிப்பி. உப்புநீரில்தான் வாழும். பழைய ஆட்கள் வள்ளத்தை அடிக்கடி கரையேற்றிக் காயப்போட்டதற்கும், நன்னீரில் கொண்டுபோய்க் கட்டியதற்கும் இது ஒரு காரணம்.

ஈரத்தை அளந்ததில் ஒரு ஏமாற்றம்

நான் வீட்டு வேலைகளில் ஊசி குத்தும் ஈரமானி வைத்திருப்பேன். அடிப்பாகத்தில் வைத்தேன், 38 விழுக்காடு காட்டியது. காய்ந்ததாகத் தோன்றிய முன்பாதியிலும் 26. மூத்தாசாரி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தது சரி. இந்தக் கருவி மரத்தினூடே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. மரத்தில் உப்பு ஏறியிருந்தால் இல்லாத ஈரத்தை இருப்பதாகச் சொல்லும். தவிர, ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு மேல் அது காட்டும் எண்ணை எண்ணாகவே எடுக்கக்கூடாது.

ஆகவே பழைய வழி. ஆறு இடத்தில் சிறு சில் எடுத்து, நகைக்கடைத் தராசில் எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, மறுபடி எடை போட்டோம். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரம். முன்பாதி 17, பின்பாதி 41. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு 20-க்கு மேல் தொடர்ந்து ஈரம் வேண்டும். முன்பாதியை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய இந்த எண்தான் துணிவு கொடுத்தது. கருவியை நம்பியிருந்தால் நல்ல மரத்தையும் வெட்டி எறிந்திருப்பேன்.

குளத்தில் 12 நாள், நிழலில் மூன்று மாதம்

உப்பை வெளியேற்றாமல் மரத்தை உலர்த்தினால் அது எப்போதும் ஈரக்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டின் பின்னால் ஒரு குளம் இருந்தது. தடியைக் குளத்தில் முக்கிவைத்துப் பிறகு எடுத்து உலர்த்துவது இங்கே பழைய வழக்கம்தான். அதற்கு முன்னால் வேறொரு வேலை: பலகையைப் பிரித்தால் வள்ளம் தன் வடிவத்தை விட்டுவிடும். ஒவ்வொரு கோல் தூரத்துக்கும் உள்வளைவை அட்டையில் வரைந்து, ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டி, ஏழு அச்சுகளை உள்ளே நிறுத்திக் கட்டினோம். பிறகுதான் பலகையைக் கழற்றினோம். 12 நாள் குளத்தில் கிடந்தது. கப்பல்புழு ஏதாவது மிச்சமிருந்தால் அதுவும் முடிந்தது.

அடுத்து நிழல். ஐப்பசி மழைக்காலத்தின் ஈரக்காற்று மெதுவாக உலர்த்த ஏற்றது. நனைத்த சாக்கைப் போர்த்தி, வாரத்துக்கு ஒரு சாக்கைக் குறைத்துக்கொண்டே வந்தோம். தை மாதத்தில் மூன்று நாள் நான் ஒரு கலியாணத்துக்குப் போனேன். சாக்கை நனைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன், யாரிடம் சொன்னேன் என்பது இப்போதும் தகராறு. வறண்ட கீழ்க்காற்று அடித்த நாட்கள் அவை. திரும்பி வந்தபோது முன்முனையில், அதுவரை ஒரு கீறலும் இல்லாத நல்ல மரத்தில், இரண்டடி நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

பிழை சாக்கில் மட்டும் இல்லை. மரத்தின் நுனிவெட்டு பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை இழக்கும். முதல் நாளே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இரண்டு நுனியிலும் பூசியிருக்க வேண்டும். வீட்டு உத்தரத்துக்கு நான் எப்போதும் செய்வதுதான். வள்ளம் என்றதும் அது வேறு பொருள் என்று நினைத்துவிட்டேன். வெடிப்பின் குறுக்கே உடுக்கை வடிவத்தில் மூன்று கட்டை வெட்டி இறக்கினோம், மேலும் ஓடாமல் நின்றது. பார்வைக்கு அழகாகவும் இருக்கிறது. வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது.

ஒட்டு

பின்பக்க அடியில் மக்கிய பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டினோம். வெட்டிய விளிம்பை நேராக விடவில்லை, சரிவாகச் செதுக்கினார் மூத்தாசாரி: வெளிப்பக்கம் அகலம், உள்பக்கம் குறுகல். ஒட்டுத்துண்டை வெளியிலிருந்து பொருத்தினால் ஆற்றுநீரின் அழுத்தமே அதை ஆப்புபோல உள்ளே இறுக்கும். துண்டைப் பொருத்த நாலு நாள். அடுப்புக்கரியை விளிம்பில் தடவி, வைத்து எடுத்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் சீவி, மறுபடி வைத்து. எண்ணினேன், 30 தடவைக்கு மேல்.

இங்கே எனக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம். நான் எப்பாக்சிப் பசை வேண்டும் என்றேன். பாலியெஸ்டரைவிட அது மரத்தில் பல மடங்கு நன்றாக ஒட்டும், அதில் சந்தேகமில்லை. அவர் கேட்டார்: "அடுத்த தடவ பிரிக்கிறவன் என்ன செய்வான்?" நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மரஆணி சீவ உட்கார்ந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால், முழுக்க உலர்ந்த மரத்தில், எல்லாப் பக்கமும் அடைத்துப் புதிதாகக் கட்டும் படகுக்கு எப்பாக்சி சரியான பொருள். பாதி நாள் நனைந்தும் பாதி நாள் காய்ந்தும் அசைந்துகொண்டே இருக்கும் பழைய தடிக்கு அல்ல. கெட்டுவள்ளம் கட்டும்போதே பிரிப்பதையும் நினைத்துத்தான் கட்டுகிறார்கள். பிரிக்க முடியாத ஒட்டைப் போட்டால் நாமும் ஃபைபர்காரர் செய்ததையே கொஞ்சம் விலையுயர்ந்த முறையில் செய்கிறோம். மரஆணியும் தையலும் குங்கிலியமும் மட்டும் என்று முடிவானது. இரும்பாணித் துளைகளை அகலப்படுத்திக் கறுப்பை எடுத்து, அயனி முளை அடித்து மூடினோம்.

இடப்பக்கப் பலகைக்கு இடித்த வீட்டு மச்சிலிருந்து ஓர் அயனிப் பலகை கிடைத்தது. காந்தம் வைத்துத் தேடி ஒன்பது ஆணி எடுத்தோம். ஒன்று தப்பி என் இழைப்புளியின் அலகைத் தின்றது. முன்முனையில் பலகை முறுக்கிக்கொண்டு வளைய வேண்டும். ஈரச்சாக்கைச் சுற்றி, தொண்டுத் தீயின் மேல் காட்டி, கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். தேவையான வளைவைவிட இரண்டு விரல் கூடுதலாக வளைத்தார். விட்டதும் அது இரண்டு விரல் திரும்பி வந்து சரியாக நின்றது.

தைப்பு

தைக்க ஆற்று நீரில் நன்றாக அழுகின தொண்டின் கயிறு வேண்டும். இயந்திரத்தில் நசுக்கிய தும்புக் கயிறு கடையில் மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் நைந்துபோகும். நைலான் கயிறு போடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நைலான் நனைந்தால் இழுபடும், இழுபட்டால் தையல் தளரும். கெட்டியாக இழுத்தாலோ துளை விளிம்பை அறுக்கும். தொண்டுக் கயிறு நனைந்தால் பருக்கும், மரமும் பருக்கும், இரண்டும் சேர்ந்து இறுகும்.

விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, நாலு விரலுக்கு ஒரு துளை, மேலும் கீழும் எதிரெதிராக. பழைய துளைகளையே பயன்படுத்தினோம், புதுப் பலகையில் அவற்றுக்கு நேராகத் துளைத்தோம். பொருத்தின் மேல் உட்பக்கம் பெருவிரல் கனத்துக்குத் தும்பை முறுக்கி நீளமாக வைத்து, அதன் மேல் கயிறு குறுக்கும் மறுக்குமாக ஓடும். வெளிப்பக்கம் கயிறு ஒரு சிறு காடிக்குள் படிந்திருக்கும், இல்லையென்றால் மணலில் உரசி ஒரே நாளில் அறுந்துவிடும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளே இருப்பவர் கயிற்றைக் குச்சியில் சுற்றி நெம்பி இழுக்க, வெளியே இருப்பவர் கொட்டாப்புளியால் தட்ட, இறுகியதும் துளையில் தற்காலிகமாக ஒரு முளை. அடுத்த துளை முடிந்தபின் அந்த முளையை உருவ வேண்டும். முளையை முந்தி உருவினால் மூன்று துளை பின்னால் வரை தளர்ந்துபோகும். எனக்கு அது எத்தனை தடவை நடந்தது என்று எழுதப்போவதில்லை. வலப்பக்கம் மூத்தாசாரி இழுத்தார், மூன்று நாளில் முடிந்தது. இடப்பக்கம் நான், எட்டு நாள். கடைசியில் எல்லாத் துளையிலும் தும்பும் குங்கிலியமும் திணித்துக் கலப்பத்து அடித்தோம்.

எண்ணெய்

உள்ளே சாளை (மத்தி மீன்) எண்ணெய், வெளியே அண்டித்தோட்டு (முந்திரிக்கொட்டை ஓட்டு) எண்ணெய். மாவட்டமெங்கும் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) உண்டு, தோட்டு எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் சூடாக்காத பச்சை எண்ணெய் தோலில் பட்டால் பொத்துப்போகும். அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும்தான் அதற்குக் காரணம். அண்டி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சினால் அமிலத்தில் பெரும்பகுதி கார்டனாலாக மாறிவிடும், எரிச்சல் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. கையுறைக்கு மேல் முழங்கையில் ஒரு துளி பட்டு எனக்கு இரண்டு வாரம் கொப்புளம். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாலு நாள் வெயில். காய்ந்ததும் கறுத்து, கையால் தொட்டால் தோல்போல ஒரு பிடிப்பு. கிளிப்பச்சை பார்த்துப் பழகிய மருமகனுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை.

ஆற்றில்

மேடம் (சித்திரை) மாதக் கடைசியில், இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) இரண்டு வாரம் முன்னால் இறக்கினோம். இறக்கின உடனே எல்லாப் பொருத்திலும் நீர் வந்தது. அதை எதிர்பார்த்தே இருந்தோம். வள்ளத்தைக் கரையோரம் கட்டி, பாதிவரை நீர் நிரப்பி மூன்று நாள் ஊறப்போட்டோம். பிறகு இறைத்துவிட்டு அளந்தோம்: முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு 14 வாளி, மூன்றாம் நாள் 3, ஏழாம் நாள் ஒரு வாளிக்கும் குறைவு. பின்பக்க ஒட்டுத்துண்டில் ஒரு சொட்டும் இல்லை. முன்முனை வெடிப்பிலும் இல்லை.

மொத்தம் ஆசாரிக்கு 74 நாள் கூலி, எனக்கு அதைவிடக் கூடுதல், அதில் பாதிக்கு நான் காசு கேட்கவில்லை. இதே பணத்துக்குப் புது ஃபைபர் வள்ளம் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்காரரின் மனைவி சொன்னார். கணக்கில் அவர் சொன்னது சரி. முற்றத்தில் வைக்கும் திட்டத்தை மட்டும் வீட்டுக்காரரே கைவிட்டார். வெயிலில் வைத்தால் மரம் சுருங்கித் தையல் தளரும் என்று மூத்தாசாரி ஒரே ஒரு தடவை சொன்னார், அது போதுமாயிருந்தது. இப்போது ஆற்றில் கிடக்கிறது, விருந்தினர் இல்லாத நாளில் வீட்டுக்காரர் அதில் அக்கரைக்குக் கழை ஊன்றிப் போய்த் தேங்காய் ஏற்றி வருகிறார்.

ஒரு மழைக்காலம் முடிந்து போன வாரம் மூவரும் சேர்ந்து கரையேற்றிப் பார்த்தோம். வலப்பக்கத் தையலில் கயிறு இன்னும் விரலால் தட்டினால் தெறிக்கிறது. இடப்பக்கத்தில் நடுவிலிருந்து பின்னால் 11 துளைக்குக் கயிறு தளர்ந்திருக்கிறது, அங்கேதான் நீர் கசிகிறது. மீதிக் கயிறு 40 மார் (இரு கை விரித்த நீளம் ஒரு மார்) மச்சில் சுருட்டி வைத்திருக்கிறோம். மாசியில் அந்தப் பக்கத்தைப் பிரிக்கப்போகிறோம். இந்தத் தடவை நான் வெளியே நின்று கொட்டாப்புளி தட்டினால் போதும் என்கிறார் மூத்தாசாரி. உள்ளே உட்கார்ந்து இழுக்க வீட்டுக்காரரின் மகனைக் கூப்பிட்டிருக்கிறார்.